இடது சீட்டில் ஐம்பத்தெட்டு கிலோ

டீச்சர் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்.

"வலது பக்கம் வளைக்கும்போது வண்டி இடது பக்கமா படுத்துக்குது மாஸ்டர். இடது பக்கம் வளைச்சா ஒண்ணுமில்ல."

மாஸ்டர் என்று அவர் கூப்பிட்ட ஆளை மற்ற எல்லாரும் ஸ்பிரிங்காரர் என்றுதான் சொல்வார்கள். இருபத்தாறு வருஷமாக வண்டிகளின் சஸ்பென்ஷன் வேலை மட்டுமே செய்கிறவர். எஞ்சின் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். கியரில் சத்தம் வருகிறது என்று யாராவது வந்தால் எதிர்ப்பட்டறையைக் கைகாட்டிவிடுவார். முன்னறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் மனைவி உட்கார்ந்திருப்பாள். சாமான்கள் வரவழைப்பது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது, கணவனை நேரத்துக்குச் சாப்பிட வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. மூன்றுக்கும் ஒரே குரல்தான்.

டீச்சரின் வண்டி சாம்பல் நிறத்தில் தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். டீச்சரும் அவர் கணவரும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதை முன்பக்கம் நொறுங்கிய நிலையில் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றியிருந்தார்கள். கணவர் நில அளவைத் துறையில் சர்வேயர். விடுமுறை நாட்களில் இருவரும் ராலிப் பந்தயங்களுக்குப் போவார்கள். டீச்சர் ஓட்டுவார். சர்வேயர் இடது சீட்டில் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்து, அடுத்து வரப்போகும் வளைவைப் படித்துச் சொல்லிக்கொண்டே வருவார். வீட்டில் டீச்சர் பேச்சுத்தான் எடுபடும், வண்டியில் மட்டும் சர்வேயர் சொன்னதுதான் சட்டம் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு காலை, முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது சர்வேயரின் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. உயிர் பிழைத்தது. மற்றதெல்லாம் போயிற்று. பேச்சில்லை, விழுங்க முடியாது, ஒரு விரல் அசையாது. அவருடைய தங்கை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். டீச்சர் வாரம் ஐந்து நாள் பள்ளிக்கூடம் போய்க் கணக்குப் பாடம் எடுத்தார். சனிக்கிழமை வீட்டு வேலை. ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பது வரை மட்டும் காரை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் தனியாக ஏறி இறங்குவார்.

"அந்த ரெண்டு மணி நேரம் இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் மாஸ்டர். நல்லா செஞ்சு குடுங்க. வளைவுல வண்டி தரையோட ஒட்டிக்கணும்."

ஸ்பிரிங்காரருக்கு இப்படிப்பட்ட வேலை என்றால் உற்சாகம். பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் பார்த்தார். இடது பக்கத்து இரண்டும் வலதை விட அரை விரல் குட்டையாக அமுங்கிப் போயிருந்தன. மூட்டுகளுக்கு நடுவே இருந்த ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தன. எல்லாவற்றையும் எடுத்து எறிந்துவிட்டு, கெட்டியான புது ஸ்பிரிங்குகள், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஷாக் அப்சார்பர்கள், வண்டி சாயாமல் பிடிக்கும் தடித்த குறுக்குக் கம்பி என்று ஆறு நாள் வேலை. கடைசியில் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் நான்கு எடைத்தட்டுகள் வைத்தார். எடை பக்கத்தில் ஒரு திரையில் தெரியும். வெறும் வண்டி ஆயிரத்து நாற்பத்திரண்டு கிலோ. டீச்சரின் எடைக்குச் சமமாக அறுபத்திரண்டு கிலோ மணல் மூட்டைகளை டிரைவர் சீட்டில் ஏற்றினார். முன் இடதும் பின் வலதும் சேர்ந்து காட்டும் எடையும், முன் வலதும் பின் இடதும் சேர்ந்து காட்டும் எடையும் சரிக்குச் சரியாக வரும்வரை, அதாவது குறுக்கெடை சமமாகும்வரை, ஒவ்வொரு ஸ்பிரிங்கின் வளையத்தையும் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகினார். வந்தது. அன்று அவர் சாப்பாட்டுக்கு இரண்டாவது முறை கூப்பிடாமலேயே போய் உட்கார்ந்ததை மனைவி வியப்போடு பார்த்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் வந்து நின்றார்.

"மத்ததெல்லாம் அருமை மாஸ்டர். ஆனா வலது வளைவுல இன்னும் படுக்குது."

ஸ்பிரிங்காரருக்கு முகம் சுண்டிப் போயிற்று. "இருக்கவே இருக்காது" என்றார். உடனே வண்டியை எடைத்தட்டுகள் மேல் ஏற்றி மணல் மூட்டைகளை வைத்தார். ஆயிரத்து நூற்று நாலு. குறுக்கெடை சமம். "பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

"மூட்டை ஓட்டல, நான்தானே ஓட்டுறேன்?" என்றார் டீச்சர்.

மூட்டைகளை இறக்கினார்கள். டீச்சர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ஸ்பிரிங்காரர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

ஆயிரத்து நூற்று அறுபத்திரண்டு. ஐம்பத்தெட்டு கிலோ அதிகம். அதில் பெரும்பங்கு இடது பக்கச் சக்கரங்களின் மேல்.

தட்டு கெட்டுவிட்டது என்று அவர் முதலில் நினைத்தது இயல்புதான். டீச்சரை இறங்கச் சொன்னார். எண் உடனே ஆயிரத்து நாற்பத்திரண்டுக்குத் திரும்பியது. தானே ஏறி உட்கார்ந்தார், சரியாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு ஒரு தட்டின் மேல் நிற்கச் சொன்னார்.

"சத்தமா படிச்சீங்கன்னா தெரியும் சேதி" என்று சொல்லிவிட்டு அவள் ஏறினாள். அவளுடைய எடையும் சரியாகத்தான் காட்டியது. அதை அவர் மனசுக்குள் படித்துக்கொண்டார்.

டீச்சர் மறுபடியும் ஏறினார். ஐம்பத்தெட்டு.

இந்த முறை ஸ்பிரிங்காரர் திரையை விட்டுவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். இடது பக்கச் சக்கரத்துக்கும் அதன் மேல் விளிம்புக்கும் நடுவே இருந்த இடைவெளி இரண்டு விரலுக்குப் பதில் ஒன்றரை விரலாகக் குறைந்திருந்தது. குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். காலியான இடது சீட்டின் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. முதுகுச் சாய்வும் தோள் உயரத்தில் லேசாக உள்வாங்கியிருந்தது.

அவருக்குக் கை நீளவில்லை. மனைவிதான் கதவைத் திறந்து மெத்தையில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டாள்.

"சூடா இருக்குங்க."

டீச்சர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, தலையைத் திருப்பாமல் கேட்டார். "எவ்வளவு அதிகம்?"

"ஐம்பத்தெட்டு."

"இன்னைக்குக் காலைல அவர் எடை ஐம்பத்தெட்டு" என்றார் டீச்சர்.

சர்வேயர் படுத்திருந்தது ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக்கு எடுத்த கட்டில். நோயாளி இளைக்கிறாரா என்று பார்க்க, கால்மாட்டில் ஒரு சின்னத் திரையில் அவர் எடையைக் காட்டிக்கொண்டே இருக்கும். டீச்சர் சீட்டை விட்டு எழாமல் நாத்தனாருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"கட்டில்ல என்ன நம்பர் காட்டுதுன்னு பாரேன்."

"அது எதுக்கு அண்ணி இப்ப?" என்றது தங்கையின் குரல். பிறகு செருப்புச் சத்தம். "சைபர் காட்டுது. இது இப்படித்தான் அண்ணி, அப்பப்ப மக்கர் பண்ணும். ஞாயித்துக்கிழமை காலைல எப்பவும் சைபர்தான். நீங்க வந்ததும் சரியாயிடும். உங்ககிட்ட சொல்லணும்னு நினைப்பேன், மறந்துடுவேன்."

"உங்க அண்ணன் எப்படி இருக்காரு?"

"கண்ணை மூடிட்டு இருக்கான். மூச்சு இருக்கு. கை சில்லுனு இருக்கு." குரல் சற்றுத் தயங்கியது. "இன்னொண்ணு அண்ணி. மத்த நாள்ல அவனைப் புரட்டிப் படுக்கவைக்க ரெண்டு பேர் வேணும். ஞாயித்துக்கிழமைல நான் ஒருத்தியே புரட்டிடுவேன். என் கைக்குப் பலம் வந்துடுச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன். இப்பவும் கையைத் தூக்கிப் பாத்தேன். மடிச்ச துணி மாதிரி இருக்கு."

டீச்சர் போனை எடுத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார். திரையில் எண் சரிந்தது. போனில் தங்கை சொன்னாள், "ஆ, சரியாயிடுச்சு. ஐம்பத்தெட்டு."

ஸ்பிரிங்காரரின் மனைவி ஒரு நாற்காலியை இழுத்துவந்து டீச்சரை உட்கார வைத்தாள். ஸ்பிரிங்காரர் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, "இந்த வண்டியைக் கொஞ்ச நாள் எடுக்க வேண்டாம் டீச்சர்" என்றார்.

டீச்சர் அழவில்லை. வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டுகிறவரின் நிதானத்தோடு பேசினார்.

"எட்டு மாசமா அவர் அந்த ரூம்ல உத்திரத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்காரு. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் வெளியே வர்றாரு. வர வேண்டாம்னு நான் சொல்லணுமா? எனக்கும் சந்தேகம் இருந்துச்சு மாஸ்டர். வளைவு வர்றதுக்கு முன்னாடியே என் கால் பிரேக்குக்குப் போயிடுது. யாரோ சொல்லிக் குடுக்கிற மாதிரி. பழக்கம்னு நினைச்சுக்கிட்டேன்."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

"அவரையும் வெச்சே செட் பண்ணிக் குடுங்க."

ஸ்பிரிங்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் கருத்துச் சொல்லாமல் விட்ட முதல் விஷயம் அதுதான்.

செய்தார். டீச்சர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போன் செய்து, "மூச்சு சீரா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருக்க, ஸ்பிரிங்காரர் தரையில் மல்லாந்து படுத்து இடது பக்க வளையங்களைத் திருகினார். தலைக்கு மேல் அந்தச் சீட்டு இருந்தது. ஒருமுறை ஸ்பேனர் வழுக்கி வண்டி லேசாகக் குலுங்கியபோது, மேலே யாரோ சாய்ந்து உட்கார்ந்து சரிசெய்துகொள்வது போல் மெத்தையின் கம்பிகள் முனகின. அவர் கண்ணை மூடிக்கொண்டு முப்பது வரை எண்ணினார். பிறகு வேலையைத் தொடர்ந்தார். குறுக்கெடை அரை கிலோ வித்தியாசத்தில் வந்து நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையின் ஆறாவது வளைவில் போய் நின்று பார்த்தார். அது இறுக்கமான வலது வளைவு. சாம்பல் நிற வண்டி கீழிருந்து வந்தது, வளைந்தது, போயிற்று. அணுவளவும் சாயவில்லை. வரைந்த கோட்டின் மேல் போவது மாதிரி போயிற்று. அவ்வளவு சுத்தமான வேலையை அவர் தன் வாழ்நாளில் செய்ததில்லை. அது அவருக்கு ஏனோ மகிழ்ச்சி தரவில்லை.

ஐந்து ஞாயிறு கழிந்தது. ஆறாவது வாரம் புதன்கிழமை மதியம், ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு பார்க்க வண்டி பட்டறையில் நின்றிருந்தபோது, நர்ஸ் உடுப்பு மாதிரி துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை போட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். முழங்கை வரை கிருமிநாசினி வாசனை. போனில் கேட்ட குரலை ஸ்பிரிங்காரர் அடையாளம் கண்டுகொண்டார். சர்வேயரின் தங்கை.

"பக்கத்து வீட்டு அக்காவை உட்கார வெச்சிட்டு வந்திருக்கேன், அரை மணி நேரம்தான் இருக்கு" என்றாள். "இந்த வண்டியை எடை போடுங்க. ஆள் இல்லாம."

"எதுக்கும்மா?"

"போடுங்க, சொல்றேன்."

போட்டார். டிரைவர் சீட்டு காலி. இடது சீட்டு காலி. திரை ஆயிரத்து ஐம்பத்தொன்று என்றது.

"ஒன்பது அதிகம்" என்றார் ஸ்பிரிங்காரர்.

தங்கை கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். தினமும் கட்டிலின் எண்ணைக் குறித்த தாள். முதல் ஞாயிறு ஐம்பத்தெட்டு போய் ஐம்பத்தேழு திரும்பியிருந்தது. அடுத்த ஞாயிறு ஐம்பத்தைந்து. பிறகு ஐம்பத்துமூன்று, ஐம்பத்தொன்று. கடைசியாக நாற்பத்தொன்பது.

"டாக்டர் சாப்பாடு பத்தலைன்னு சொல்லிக் குழாய்ல ஊத்துற கஞ்சியைக் கூட்டிட்டாரு. கஞ்சியா காரணம்? ஒவ்வொரு வாரமும் போறவன் முழுசா திரும்பி வரல. கொஞ்சம் கொஞ்சமா இங்கேயே தங்கிடுறான்." அவள் ஸ்பிரிங்காரரை நேராகப் பார்த்தாள். "முன்னாடி எட்டு மாசமும் இப்படி இல்ல. போவான், முழுசா வருவான். நீங்க அவனுக்கு இங்க ஒரு இடம் பண்ணிக் குடுத்துட்டீங்க. அவன் இருந்தாத்தான் இந்த வண்டி சரியா நிக்கும்னு ஆக்கிட்டீங்க. பின்ன எப்படி வீட்டுக்கு வருவான்?"

அவள் சொன்னது வேலையைப் பொறுத்தவரை அப்பட்டமான உண்மை.

போன் செய்து டீச்சரை வரவழைத்தார்கள். மதிய இடைவேளையில் ஓடிவந்த டீச்சரின் விரல்களில் சாக்பீஸ் தூள். தங்கை தாளைக் காட்டினாள். அதற்குப் பிறகு நடந்தது சண்டைதான்.

"தெரிஞ்சும் ஓட்டுனீங்களா அண்ணி?"

"எடை குறையுதுன்னு தெரியும். எங்க போகுதுன்னு தெரியாது."

"பொய் சொல்லாதீங்க. கணக்கு டீச்சர் நீங்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "சரி. சந்தேகப்பட்டேன். அவருக்கு அங்க இருக்கப் பிடிக்கல. இங்க பிடிச்சிருக்கு. நான் எப்படிக் கதவைச் சாத்துறது?"

"அவன் என் அண்ணன். ஒன்பது மாசமா அவன் மலம் அள்ளுறவ நான். அவன் சாகிறப்போ அவன் கைல கொஞ்சம் கனம் இருக்கட்டும். வெறும் துணியைப் பிடிச்சிட்டு என்னால உட்கார முடியாது." தங்கை திடீரென்று குனிந்து இடது ஜன்னல் வழியாகப் பேசினாள். "அண்ணா, போதும். எழுந்து வீட்டுக்கு வா."

ஸ்பிரிங்காரரின் மனைவியும் எழுந்து வந்திருந்தாள். நான்கு பேரும் திரையைப் பார்த்தார்கள். ஆயிரத்து ஐம்பத்தொன்று அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஐம்பத்திரண்டு ஆயிற்று. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். டீச்சர் வேகமாகப் போய் அவளைப் பிடித்துக்கொண்டார். சண்டை போட்டவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் ஸ்பிரிங்காரரின் மனைவி இந்த விஷயத்தில் முதல்முறையாகத் தன் கருத்தைச் சொன்னாள்.

"அவர் ஆசைப்படுறது இந்தச் சீட்டு. உடம்பு கிடக்கிறது அங்க. ரெண்டுக்கும் நடுவுல அவர் அல்லாடுறாரு. உடம்பையும் இங்க கூட்டிட்டு வந்தா என்ன?"

கேட்க எளிமையாக இருந்தது. செய்ய மூன்று வாரம் ஆயிற்று. உடற்பயிற்சி சொல்லித்தரும் நர்ஸ், தலைக்கும் கழுத்துக்கும் பிடிமானம் இருந்தால் ஒரு மணி நேரம் உட்காரவைக்கலாம் என்றார். ஸ்பிரிங்காரர் இடது சீட்டைக் கழற்றிவிட்டு, விலாவை அணைத்துப் பிடிக்கும் உயரமான சீட்டு ஒன்றைப் பொருத்தினார். தலையின் இரு பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்த தாங்கிகள், நான்கு வார் கொண்ட பெல்ட். எல்லாம் சேர்ந்து பழைய சீட்டின் எடையே வரும்படி பார்த்துக்கொண்டார். அந்த மூன்று வாரமும் வண்டி நகரவில்லை. தினமும் காலையில் அவர் எடை பார்த்தார். பத்துக்கு மேல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பட்டறையைப் பூட்டும்போது அந்த வண்டியைப் பார்த்து, "வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போகத் தொடங்கியிருந்தார்.

ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்கு சர்வேயரைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார்கள். மெலிந்த, நீண்ட மனிதர். கண்கள் திறந்திருந்தன, எதையும் பார்க்கவில்லை. மூன்று பெண்களும் ஸ்பிரிங்காரரும் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள். ஸ்பிரிங்காரர் அக்குளுக்கு அடியில் கைகொடுத்திருந்தார். அந்த உடம்பு இருக்க வேண்டிய அளவுக்குக் கனமாக இல்லை. கதவு வாசலைத் தாண்டி உள்ளே சாய்ந்த கணத்தில் அது திடீரென்று கனத்தது. அவர் முதுகு மளுக்கென்றது. சீட்டில் சர்வேயர் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் தொண்டையிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது, வெகுதூரம் நடந்து வந்தவர் விடுவது போல.

தங்கை அவர் கையைத் தூக்கிப் பார்த்தாள். "கனமா இருக்கு" என்றாள். "சூடா இருக்கு."

ஸ்பிரிங்காரரும் தங்கையும் பட்டறை வேனில் முன்னால் போய் ஆறாவது வளைவில் நின்றார்கள். வண்டி வந்தது. முதலில் சத்தம், அப்புறம் சாம்பல் நிறம். வளையும்போது இடது ஜன்னல் அவர்கள் பக்கம் வந்தது. சர்வேயரின் தலை தாங்கிகளுக்கு நடுவே நிமிர்ந்திருந்தது. அவர் உதடுகள் வேகமாக அசைந்துகொண்டிருந்தன.

திரும்பி வந்து வண்டியை நிறுத்திய டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"பேசுறாரு" என்றார். "வளைவு சொல்றாரு. அதே பழைய குரல். 'வலது நாலு, இடது ரெண்டு, மூடுது.' ஆனா தப்பா சொல்றாரு. நான் வலதுல திரும்புறப்போ இடதுன்றாரு. இந்த ரோட்டுல இல்லாத வளைவு எல்லாம் சொல்றாரு. நான் கேட்டா பதில் இல்ல, படிச்சுக்கிட்டே போறாரு."

அன்று வீட்டுக்குப் போனதும் கட்டில் ஐம்பத்தெட்டு காட்டியது. வண்டியின் எடை ஆயிரத்து நாற்பத்திரண்டு. அதன்பின் அந்த எண்கள் மாறவில்லை. தங்கை கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு ஒரு குறை இருந்தது. "வீட்டுல எனக்கு ஒரு 'ம்' கூடச் சொல்ல மாட்டேன்றான்" என்று ஸ்பிரிங்காரரின் மனைவியிடம் சொல்லி அழுதாள். டீச்சர் தன் போனில் அவர் பேச்சைப் பதிவுசெய்து கொடுத்தார். தங்கை அதைக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். அவர் படித்துச் சொன்னதை டீச்சர் வாராவாரம் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதினார். ஒன்று என்றால் மிக இறுக்கமான வளைவு, ஆறு என்றால் வேகத்தைக் குறைக்கத் தேவையில்லாதது, மூடுது என்றால் போகப்போக இறுகும் வளைவு. எப்போது வண்டியில் உட்காரவைத்தாலும், சர்வேயர் போன வாரம் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குவார். எந்த ரோடு என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அவருடைய பழைய அளவை வரைபடங்களை எல்லாம் டீச்சர் தரையில் விரித்துத் தேடினார். இப்படி வளைவு வரிசை எதிலும் இல்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, நாற்பத்தொன்றாவது வளைவுக்குப் பிறகு சர்வேயர், "நேர். நீளம்" என்றார். அதற்கப்புறம் மலை ஏறி இறங்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. அந்த வாரத்து வியாழக்கிழமை, டீச்சர் வகுப்பில் இருந்தபோது, தங்கை கையைப் பிடித்துக்கொண்டிருக்க, வீட்டில் இறந்துபோனார். கடைசிவரை அந்தக் கை கனமாகத்தான் இருந்தது என்று தங்கை சொன்னாள்.

மாதம் ஒன்று கழித்து டீச்சர் வண்டியை ஒரு ஆளுக்கு ஏற்றபடி மாற்றித்தரச் சொல்லிக் கொண்டுவந்து விட்டார். எடைத்தட்டில் வண்டியோடு டீச்சர் மட்டும் இருந்தார், கூடுதல் அறுபத்திரண்டு. அவர் எண்ணைக் கேட்கவும் இல்லை, திரையைப் பார்க்கவும் இல்லை. ஸ்பிரிங்காரரும் சொல்லவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது.

"மாஸ்டர், பதினோரு வளைவு வரிசையா ஒத்துப்போகுது."

ஸ்பிரிங்காரருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "எங்க இருக்கீங்க டீச்சர்?"

"ரொம்பத் தூரம். வேற வேலையா வந்தேன். புது ரோடு ஒண்ணு போட்டிருக்காங்கன்னு திரும்பினேன். முதல் மூணு வளைவும் வாயில வந்துடுச்சு. வண்டியை நிறுத்தி நோட்டை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது இடது, ரெண்டு, மூடுதுன்னு இருக்கு. கண்ணு முன்னாடி இடது வளைவு தெரியுது."

"போகாதீங்க, திரும்பிடுங்க" என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். "மெதுவா போங்க" என்றுதான் வந்தது.

"மெதுவா போறதுக்கா இவ்வளவு வேலை செஞ்சீங்க?" என்று டீச்சர் போனை வைத்தார்.

அன்று முழுவதும் அவர் ஒரு வேலையும் செய்யவில்லை. மனைவி கண்ணாடித் தடுப்பை விட்டு வெளியே வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் போனும் இல்லை. மூன்றாம் நாள் மதியம் சாம்பல் நிற வண்டி, கண்ணாடி வரை புழுதியோடு, பட்டறைக்குள் நுழைந்தது. டீச்சர் இறங்கினார். முகம் கறுத்துக் களைத்திருந்தது. ஆனால் அமைதியாக இருந்தார்.

"நாற்பத்தொண்ணும் சரி" என்றார். "ஒரு எழுத்து மாறல. அந்த ரோட்டைத் திறந்ததே போன மாசம்தானாம். அவர் படுத்ததுக்கு அப்புறம்தான் அளக்கவே ஆரம்பிச்சாங்களாம். அங்க வேலை செய்றவங்க சொன்னாங்க."

"அதுக்கப்புறம்?" என்றாள் ஸ்பிரிங்காரரின் மனைவி.

"நேர் ரோடு. ரெண்டு பக்கமும் வெட்டவெளி. மரம் இல்ல, வீடு இல்ல. ரொம்ப நேரம் போனேன். முடியவே இல்ல. வளைவே இல்லாத ரோட்டுல எனக்குச் சொல்ல அவருக்கு என்ன இருக்கு?" டீச்சர் கையுறைகளைக் கழற்றினார். "ஒரு இடத்துல, இதுக்கு மேல போனா திரும்பி வரத் தோணாதுன்னு தெரிஞ்சுது. வண்டியைத் திருப்பிட்டேன். திருப்புறதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு மாஸ்டர். ஸ்டீரிங் கனமா இருந்துச்சு."

ஸ்பிரிங்காரர் குனிந்து டயர்களைத் தடவிப் பார்த்தார். நான்கும் விளிம்பு வரை தேய்ந்து போயிருந்தன.

"நாலையும் மாத்தணும் டீச்சர்."

"மாத்திடுங்க. நாத்தனார் வீட்டுல தனியா இருக்கா, சாப்பாட்டுக்குக் காத்துக்கிட்டிருப்பா. நான் நடந்தே போறேன்."

வெயிலில் தெருவோரமாக அவர் நடந்து போனார். முதல் சந்திப்பில், எந்தப் பக்கமும் சாயாமல், வலது பக்கம் திரும்பினார்.